வெர்சாக் எந்தப் பக்கம்

"இடதா, வலதா?" என்றார் அண்ணி.

"வரைபடம் வலதுங்குது. கைகாட்டி இடதுங்குது."

"நீ என்ன சொல்ற ஒதில்?"

"நான் ஏன் சொல்லணும்? நான் சொல்லிப் போய் அது தப்பாப் போச்சுன்னா பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவீங்க."

"பத்து வருஷம் நான் இருந்தேன்னா சந்தோஷமாவே சொல்லிக் காட்டுவேன்."

மே மாதம், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. முச்சந்தியில் நாங்கள் இருவர், எங்கள் சைக்கிள்கள் இரண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு மாடுகள் ஏழு. கொரேஸ் மலைகளில் இந்தக் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. அண்ணி ஆர்லெத்துக்கு எழுபத்திரண்டு வயது, அவர் நாத்தனார் எனக்கு அறுபத்தொன்பது. அண்ணன் லூசியன் போய் நான்கு வருடமாகிறது.

அண்ணி ஹேண்டில்பார் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய இரண்டு புத்தகங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். காலையிலிருந்து இது ஆறாவது முறை. ஒன்று அவருடையது, மற்றது அண்ணனுடையது. நாடு முழுக்க ஐந்நூற்றுச் சொச்சம் ஊர்கள், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கட்டம். சைக்கிளில் அந்த ஊருக்குப் போய், அங்கே ஏதாவது ஒரு கடையில் முத்திரை குத்தி வாங்கவேண்டும். ரொட்டிக் கடையோ, கறிக் கடையோ, எதுவானாலும் சரி. யாரும் நம்மைக் கண்காணிப்பதில்லை. சைக்கிளில்தான் போனோம் என்பது நம் வாய்வார்த்தை. கல்யாணமான மறுவருடம் இருவரும் சேர்ந்து தொடங்கியது. அண்ணனுடைய புத்தகம் நிறைந்துவிட்டது. அண்ணியுடையதில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. வெர்சாக்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இதே முச்சந்தியில்தான் அண்ணியின் பின்சக்கரம் பஞ்சரானது. மழை. ஐந்து மணிக்கு ரயில். "நீ இதை ஒட்டிட்டு இரு, நான் போய் முத்திரையை வாங்கிட்டு வந்துடறேன்" என்று அண்ணன் போய், நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டார். "செம ஏத்தம், காலைத் தரையில ஊனவே இல்ல, மூச்சுகூட வாங்கல" என்றார். அதை அன்றோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் யார் சாப்பிட வந்தாலும் பாலாடைக்கட்டித் தட்டு வரும்போது வெர்சாக்கும் கூடவே வந்துவிடும். கோயில் எதிரே நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத செஸ்ட்நட் மரம். படியில் நின்றால் வடக்கே வரிசையாகத் தெரியும் எரிமலைகள். "பாவம் ஆர்லெத், அதையெல்லாம் பாக்கவே இல்ல."

இந்த வியாழக்கிழமை அண்ணிக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். அதற்கப்புறம் போய்க்கொள்ளலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"இரும்பு முட்டியோட போறவ வேற ஒருத்தி. அவ வேணும்னா புதுப் புத்தகம் ஆரம்பிச்சுக்கட்டும். இது என்னோடது" என்றுவிட்டார்.

இப்போது முச்சந்தியில் நின்று இடப்பக்கச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூசியன் இடதுலதான் போனார். அந்த மஞ்சள் மழைக்கோட்டு முதுகு இன்னும் என் கண்ணுலயே இருக்கு."

"அப்ப இடது."

"நீதான் சொன்ன, ஞாபகம் வெச்சுக்கோ."

மூன்று கிலோமீட்டர், சமமான நல்ல சாலை. ஓடையை ஒட்டியே போனது. ஏற்றமே இல்லாதது எனக்குச் சற்று விசித்திரமாக இருந்தது. அதைச் சொல்வதற்குள் வளைவு திரும்பியது. புதுப் போல்ட்டுகளோடு பளபளவென்று பலகை நின்றது. வெர்சாக்.

அண்ணி பிரேக் பிடித்த வேகத்தில் நான் அவர் மேலேயே இடித்திருப்பேன்.

"போட்டோ எடு! போட்டோ எடு!"

எடுத்தேன். பலகை, சைக்கிள், அண்ணி. அண்ணி வாயைத் திறந்தபடி இருந்ததால் இன்னொன்றும் எடுத்தேன்.

ஊருக்குள் பத்திருபது வீடு, ஒரு சின்னக் கோயில், அதன் எதிரே மரம். நாங்கள் இருவர் கைகோத்துப் பார்த்தோம். பாதிகூட எட்டவில்லை.

"லூசியனோட மரம்!" அண்ணி மரத்தைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல. "பொய்யே இல்ல பாரு. நானும் முப்பது வருஷமா அந்த மனுஷனை..."

ரொட்டிக் கடை மூடியிருந்தது. திங்கட்கிழமை. மூடியிருக்கும் என்று இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஞாயிறன்று கொட்டிய மழையால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டபோது நாங்கள் அதை மறந்திருந்தோம். கடைச் சுவரில், காசு போட்டால் ரொட்டி தரும் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"இதுகிட்ட கேட்டுப் பாருங்க, குத்தித் தருதான்னு."

"சும்மா இரு. அங்க ஒருத்தர் வேலி வெட்டுறாரு பாரு. ஐயா! ஐயா! வெர்சாக்குல இன்னைக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?"

அவர் கத்தரி இயந்திரத்தை நிறுத்தினார். காதில் இருந்ததைக் கழற்றினார். அண்ணி மறுபடி கேட்டார்.

"வெர்சாக்குலயா? வெர்சாக்குல கடையே கிடையாதே."

"இதோ ரொட்டிக் கடை இருக்கே."

"அது லாமோத்துல இருக்கு."

"நாங்க இப்ப எங்க இருக்கோம்?"

"லாமோத்துல."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பலகை இருந்த திசையைப் பார்த்தேன்.

"பலகையில வெர்சாக்னு இருக்கே ஐயா?"

"ஆமா, இருக்கும்" என்றார், மழை பெய்யும் என்பதுபோல. "பனிக்காலத்துல விவசாயப் பசங்க போராட்டம் பண்ணினாங்கல்ல? எல்லா ஊர்ப் பலகையையும் தலைகீழாத் திருப்பி மாட்டுனாங்களே. நாங்களும்தான் மாட்டுனோம். சாலைக்காரங்க வந்து எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போனாங்க. வசந்தத்துல கொண்டாந்து நேரா மாட்டுனப்போ எங்களது அங்க, அவங்களது இங்க. நாலு கடுதாசி போட்டோம். பதில் என்ன தெரியுமா? ஜனவரியோட ரெண்டு ஊரையும் சேர்த்து மூன்றோடைன்னு ஒரே பஞ்சாயத்து ஆக்கியாச்சு, ஆகவே ரெண்டு பலகையும் சரியான பஞ்சாயத்துலதான் இருக்கு, விஷயம் முடிஞ்சதுன்னு."

"அப்ப நிஜ வெர்சாக்?"

அவர் கத்தரியால் வானத்தைக் காட்டினார். ஓடைக்கு அப்பால், பைன் மரங்களுக்கு மேலே, ஒரு கோபுர நுனி.

"பாலம் தாண்டி ரெண்டு கிலோமீட்டர். ஏத்தம். முச்சந்தியில வலதுல வந்திருந்தா நேரா மேலயே போயிருப்பீங்க."

"கைகாட்டி இடதுன்னுச்சே!"

"அதையும் திருப்பி விட்டோம்ல."

"ஃபிர்மேன், அவங்களைக் குழப்பாத!" என்று எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல். ஈரத் துடைப்பத்தோடு ஒரு பெண் வெளியே வந்தாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும், தலையில் மூன்று நிறம். "முத்திரைக்குத்தானே வந்தீங்க? சைக்கிள்காரங்க முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும். உள்ள வாங்கம்மா. திங்கள்னா கடை லீவு, முத்திரைக்கு ஏது லீவு?"

அவள் பெயர் நடேஜ். கடை முடி அலங்காரக் கடை. இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து வாயால் ஊதி, பழைய காகிதத்தில் ஒருமுறை குத்திக் காட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'நடேஜ் முடி அலங்காரம், வெர்சாக்.'

"அப்ப இது வெர்சாக்தானா?" என்றேன்.

"சேச்சே, லாமோத். நான் போன வருஷம்தான் மேலேருந்து கீழ வந்தேன். மேல மொத்தமே பதினோரு தலை, அதுல நாலு வழுக்கை. முத்திரை புதுசு பண்ணலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ஊர்ப் பேரையே மாத்துறோம்னாங்க, சரி வரட்டும்னு விட்டுட்டேன். நீட்டுங்க புத்தகத்தை."

எனக்குத் தலை சுற்றியது. வெர்சாக் என்று பலகை இருக்கிறது, வெர்சாக் என்று முத்திரை இருக்கிறது, அண்ணன் சொன்ன மரமும் நிற்கிறது. வெர்சாக் மட்டும் இங்கே இல்லை. ஆனால் புத்தகத்தைப் பார்க்கப்போகிறவருக்கு அது எப்படித் தெரியப்போகிறது? எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்னலாம்.

அண்ணி புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தார். நடேஜின் கை உயர்ந்தது. அண்ணி புத்தகத்தை இழுத்துக்கொண்டார்.

"இல்லம்மா, வேண்டாம்."

"அண்ணி!"

"ஊருக்குப் போகாம ஊர் முத்திரை எதுக்கு?"

"அண்ணி, உங்க முட்டி. மேல ரெண்டு கிலோமீட்டர், பத்து சதவிகித ஏத்தம். மேல கடையும் கிடையாது. ஏறிப் போய் யார்கிட்ட வாங்குவீங்க? கோழிகிட்டயா?"

"பலகையோட போட்டோ எடுத்தாலும் செல்லும்னு விதியில இருக்கு."

"அந்தப் பலகையில லாமோத்னு இருக்கும்!"

அண்ணி யோசித்தார். நடேஜும் யோசித்தாள். ஃபிர்மேன் வாசலில் வந்து நின்று அவரும் யோசித்தார்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க" என்றாள் நடேஜ். "முத்திரையையே எடுத்துட்டுப் போங்க. அது மேல பிறந்ததுதானே. அங்க போய் நீங்களே குத்திக்கோங்க. வரும்போது குடுத்துட்டுப் போங்க. மை டப்பாவை மட்டும் நிமித்தியே வெச்சுக்கோங்கம்மா, போன தடவ என் கைப்பை பூரா ஊதாவாயிடுச்சு."

என் சட்டையின் முதுகுப் பையில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் முத்திரையும் மையும் ஏறின.

பாலத்தைத் தாண்டியதும் வலது கையில், கதவடைத்த ஒரு பழைய கட்டடம். சுவரில் எழுத்துகள் உதிர்ந்து போய் அவற்றின் நிழல் மட்டும் நின்றது. பாலத்துக் காபிக் கடை.

அண்ணி நிறுத்தினார். பையிலிருந்து அண்ணனுடைய புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். எனக்கும் காட்டினார். வெர்சாக் கட்டத்தில் மங்கிய பச்சை மையில் அதே பெயர். 'பாலத்துக் காபிக் கடை, வெர்சாக்.'

"இங்கதான் வாங்கியிருக்காரு."

"வரைபடத்துல ஓடைதானே எல்லை அண்ணி. பாலத்துக்கு இந்தப் பக்கம்னா வெர்சாக் மண்ணுதான். அண்ணன் முத்திரை சரிதான்."

"நான் தப்புன்னு சொன்னேனா?"

"நீங்களும் இங்கயே குத்திக்கலாமே. விதிப்படி ஊருக்குள்ளதான் நிக்கிறோம்."

அண்ணி நிமிர்ந்து ஏற்றத்தைப் பார்த்தார்.

"அவர் இதை வாங்கிட்டு மேல போனாரா?"

"போயிருப்பார். போகாம எப்படி? ஏத்தம், மூச்சு வாங்கலன்னு எல்லாம்..."

"மரம் கீழ இருக்கே ஒதில்."

"மேலயும் ஒண்ணு இருக்கலாம்."

"இருக்கலாம்" என்று புத்தகத்தை மூடினார். "போய்ப் பாத்துடலாம்."

அந்த ஏற்றத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? முதல் வளைவில் கியர்கள் தீர்ந்தன. இரண்டாவது வளைவில் அண்ணி இறங்கித் தள்ளத் தொடங்கினார்.

"தள்ளினா கணக்குல வருமா?" என்றேன்.

"தள்ளக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

"வலிக்குதா?"

"நீ பேசினா வலிக்குது."

மூன்றாவது வளைவு வந்தது.

"உங்க அண்ணன் ஒரு நாளாவது மூச்சு வாங்காம ஏறிப் பாத்திருக்கியா?" என்றார் அவரே.

"சின்ன வயசுல..."

"சின்ன வயசை விடு."

"தபால் நிலைய மாடிப்படிக்கே நின்னு நின்னுதான் ஏறுவார்" என்றேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. மேலே பலகை. லாமோத். அதைத் தாண்டி ஆறு வீடு, ஒரு கோயில், பூட்டிய பஞ்சாயத்து அலுவலகம். கதவில் ஒட்டிய தாளில் மூன்றோடை என்று புதுப் பெயர், செவ்வாய் வெள்ளி காலை மட்டும் என்று நேரம். கோயில் எதிரே வெறும் புல்வெளி, அதில் காற்று. மரம் இல்லை.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி முயல்களுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வயதுதான். தன்னை மதாம் ரூமெகூ என்றார்.

"மதாம், இது வெர்சாக்தானே?"

"வேற என்னவா இருக்கும்? யார் இல்லன்னது? கீழ இருக்கிற ஃபிர்மேனா?"

"இல்ல, அவர் ஆமான்னுதான் சொன்னார். பலகைதான்..."

"பலகையா! எங்களை லாமோத்துன்னு எழுதி மாட்டினா நாங்க லாமோத்தா ஆயிடுவோமா?" என்று அரிவாளை ஆட்டினார்.

அண்ணி மெதுவாகக் கேட்டார். "இங்க முன்னாடி பெரிய செஸ்ட்நட் மரம் ஏதாவது இருந்துதா? முப்பது வருஷம் முன்னாடி? வெட்டிட்டாங்களா?"

"இந்தக் காத்துல மரமா? என் கல்யாணத்துக்கு ஒரு ரோஜா வெச்சேன், அதுகூட நிக்கல. மரம் கீழதான்."

"சைக்கிள்காரங்க வருவாங்களா, முத்திரைக்கு?"

மதாம் ரூமெகூ சிரித்தார். "வருவாங்க, பாலம் வரைக்கும். காபிக் கடை இருந்த காலத்துல கூட்டம் கூட்டமா வருவாங்க. ஒரு பீர், ஒரு முத்திரை, மலையை ஒரு பார்வை, அப்படியே திரும்பிடுவாங்க. கடைக்காரன் எங்க ஆளுதான், முத்திரையும் எங்க ஊர் பேர்லதான். எதுக்கு ஏறணும்? இந்த வாசல்ல சைக்கிளோட வந்து நின்னது, தபால்காரரைத் தவிர, எனக்குத் தெரிஞ்சு நீங்க ரெண்டு பேருதான்."

அண்ணி கோயில் படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் அண்ணனாயிற்றே, ஏதாவது சொல்லவேண்டும்.

"முத்திரை விதிப்படி சரிதான் அண்ணி."

"சரிதான். அதுதான் எரிச்சல். தப்பா இருந்தா திட்டலாம். முப்பது வருஷம், ஒதில். வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம், பாவம் ஆர்லெத், பாவம் ஆர்லெத்... கீழ உக்காந்து பீர் குடிச்சிட்டு."

"பீர் குடிச்சார்னு நமக்குத் தெரியாதே."

"உங்க அண்ணன் காபிக் கடைக்குள்ள போய்க் காபி குடிச்சிருப்பாருங்கிறியா?"

நான் எழுந்து, முதுகை நிமிர்த்தி, வடக்கே பார்த்தேன். மேகம் விலகியிருந்தது. பைன் மரங்களுக்கு மேலே நீல நிறத்தில், ஒன்று, இரண்டு, மூன்று, வரிசையாகத் தொப்பிகளைக் கவிழ்த்து வைத்ததுபோல.

"அண்ணி. எழுந்து வந்து பாருங்க."

"என்ன?"

"எரிமலைங்க."

அண்ணி எழுந்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "மதாம்! இந்த எரிமலைங்க கீழ பாலத்துலேருந்து தெரியுமா?" என்று கத்தினார்.

"பாலத்துலேருந்தா? குழிக்குள்ளேருந்து என்ன தெரியும்? ஃபிர்மேனோட வேலி தெரியும்!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்ப வந்திருக்காரு" என்றேன்.

"மரம் இங்க இல்லையே."

"ஆனா மலை இங்கதானே தெரியுது."

"காபிக் கடைக்காரன் சொல்லியிருப்பான். அந்தக் காலத்துல படம் போட்ட அஞ்சல் அட்டை விப்பாங்க, அதுல பாத்திருப்பாரு."

"வந்தும் இருக்கலாம். மரத்தைப் போறபோது பாத்துட்டு, எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துச் சொல்லியிருப்பார். அவர் எதைத்தான் ஒழுங்காச் சொன்னார்?"

"மதாம் பாத்ததில்லைங்கிறாளே."

"அன்னைக்கு மழை. மழையில யாரு வாசல்ல நிப்பாங்க?"

"மழைன்னா மலை எப்படித் தெரியும்?"

நான் முத்திரைக்காக முதுகுப் பையைத் துழாவினேன். அண்ணியே, "மழை நடுவுல விட்டுது. நான் பஞ்சர் ஒட்டி முடிச்சப்ப வெயில்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

முத்திரையை எடுத்துக் கொடுத்தேன். மை டப்பா கவிழ்ந்துதான் இருந்தது. வாழைப்பழம் ஊதாவாக இருந்தது. அண்ணி புத்தகத்தைப் படியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினார். எடுத்துப் பார்த்தார். 'நடேஜ் முடி அலங்காரம், வெர்சாக்.' நேராக, ஓரம் பிசகாமல் விழுந்திருந்தது. ஊதிக் காயவைத்தார். கண் நிறைந்ததா என்று நான் கவனிக்கவில்லை. அந்த நேரம் வேறு பக்கம் பார்ப்பதுதான் மரியாதை.

பிறகு லாமோத் பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்.

"இதைப் பாத்தா யாராவது ஒத்துப்பாங்களா அண்ணி?"

"ஒத்துக்காட்டிப் போகட்டும். கீழ எடுத்தியே, அதை அழிச்சிடு."

அழித்தேன். அண்ணனுடைய புத்தகம் இன்னும் படியிலேயே இருந்தது. முத்திரை என் கையில் இருந்தது, மையும் மிச்சம் இருந்தது.

"அவருதுலயும் ஒண்ணு குத்திடவா? பச்சைக்குப் பக்கத்துல இடம் இருக்கு."

"தொடாத. அவருக்கு வேணும்னா ஏறி வந்து வாங்கிக்கட்டும்." சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தைத் துடைத்துத் தன் புத்தகத்தோடு சேர்த்து உறையில் சுற்றினார். சைக்கிளில் ஏறி, ஒரு காலை ஊன்றியபடியே, "மணியைப் பாரு" என்றார்.

"எதுக்கு?"

"பாருன்னா பாரு."

"பதினொண்ணு பத்து."

இறங்கினோம். அண்ணி பிரேக்கைத் தொடவே பயந்ததுபோலப் பறந்தார், நான் பிரேக்கை விடவே பயந்து பின்னால் போனேன். நடேஜிடம் முத்திரையைக் கொடுத்தோம். "கிடைச்சுதா?" என்றாள். "ரெண்டு நிமிஷம்தான் நிக்கணும், பேசாத" என்று அண்ணி என்னை இழுத்தார். அவளுக்கு முத்தமிட்டு விடைபெறக்கூட விடவில்லை. "பீர் குடிக்கிற நேரம் அவ்வளவுதான்." ஓடைச் சாலையில் ஒரே மிதி. முச்சந்தியில் மாடுகள் அதே இடத்தில் நின்றன.

"எத்தனை?"

"பத்தொன்பது நிமிஷம்."

"அன்னைக்கு அவர் எடுத்துக்கிட்ட நாப்பதுல பத்தொன்பது போனா இருபத்தொண்ணு. அதுக்குள்ள இங்கேருந்து கிளம்பி, மேல போய் நிக்கணும். அப்ப அவருக்கு நாப்பத்தொண்ணு வயசு. முடியுமா?"

நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். சமசாலைக்கு எட்டு, ஏற்றத்துக்குப் பதின்மூன்று. நல்ல ஆளுக்கு முடியும். தபால் நிலைய மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிற ஆளுக்கு முடியாது. மழையில் ஐந்து மணி ரயிலுக்கு ஓடுகிற ஆளுக்கு?

"தெரியல அண்ணி."

"எனக்கும் தெரியல" என்றார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இடதுபக்கச் சாலையைப் பார்த்தார். "டாக்டர் ஆறு மாசம்னாரு. அடுத்த மே மாசம் வரலாம். புது முட்டியோட நான் இங்கேருந்து கிளம்பறேன், நீ மேல படியில உக்காந்து கடிகாரத்தைப் பிடி."

"புது முட்டியோட வர்றவ வேற ஒருத்தின்னீங்களே?"

"அவளைத்தான் ஓட விடப்போறேன். நான் எதுக்கு மறுபடி ஏறணும்?" என்று பெடலில் காலை வைத்தார்.